பொருள்: மின்பேருந்தின் நடைகளுக்கு நடுவே சார்ஜ் போடுவதற்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

வணக்கம். மின்பேருந்து ஓட்டுநர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஆப்பர்சூனிட்டி சார்ஜிங்' என்ற இடத்தில் நிற்கிறேன். ராத்திரி பணிமனையில் ஏற்றியதோடு நில்லாமல், பகலில் கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்வதற்கு இந்தப் பெயர். 'வாய்ப்பு மின்னேற்றம்' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி:

ஒப்பாததே சரி அம்மா. நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது: ஆற்றுணா. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. பழமொழி நானூற்றில் வருகிறது. நாலடியார் இதையே தோட்கோப்பு என்கிறது. வண்டிக்கு வழியில் கிடைக்கும் உணவு மின்சாரம்தானே? இரண்டே அசையில் முடிகிறது. 'மின்' என்ற ஒட்டுகூட வேண்டியதில்லை.

பேருந்துப் பராமரிப்புப் பொறியாளர்:

ஐயா, சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஆற்றுணா என்பது வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சோறு. கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடே, அதனால் ஆற்றுணா வேண்டியதில்லை என்றுதான் அந்தப் பாட்டே சொல்கிறது. நாம் பெயர் தேடுவது கட்டுச்சோறு இல்லாமல் சத்திரத்தில் சாப்பிடும் முறைக்கு.

இந்த வேறுபாடு சின்னதல்ல. நாள் முழுக்க ஓடுவதற்கு 300 யூனிட் கொள்ளும் மின்கலத்தை வைத்தால் அதன் எடையே ஏறக்குறைய 2 டன். அதாவது சுமார் 30 பயணிகளின் எடையை வண்டி காலையிலிருந்து ராத்திரி வரை சுமக்கிறது. நடுவில் ஏற்றிக்கொள்ள வழியிருந்தால் மின்கலத்தைச் சிறிதாக்கலாம். ஜெனீவாவில் சில நிறுத்தங்களில் பயணிகள் ஏறி இறங்குகிற 15 நொடிக்குள் 600 கிலோவாட்டில் ஏற்றுகிறார்கள். கணக்குப் போட்டால் இரண்டரை யூனிட், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஓட்டம். ஆனால் அதற்கு நிறுத்தத்திலேயே கருவி வேண்டும், மின் இணைப்பு வேண்டும், இடம் வேண்டும். 2017 முடிவில் 16,000க்கு மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றிய சீனாவின் ஷென்ஜென் நகரம் பெரும்பாலும் ராத்திரிப் பணிமனை ஏற்றத்தையே நம்பியது.

'வாய்ப்பு' கூடாது என்பதற்கு என் காரணம் வேறு. அதைப் படிக்கும் ஓட்டுநர் 'நேரம் கிடைத்தால் போடலாம்' என்று எடுத்துக்கொள்வார். நெரிசலில் வண்டி பத்து நிமிடம் தாமதமாக வந்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த ஏற்றம்தான். இரண்டு நடையில் விட்டுப்போனால் மூன்றாவது நடை பாதி வழியில் நிற்கும். அது கால அட்டவணையில் எழுதப்பட்ட வேலை என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணத்து இயற்பியல் ஆசிரியை:

மின்னேற்றம் என்ற பகுதியையும் பார்க்க வேண்டும். எங்கள் பாடநூல்களில் ஏற்றம் என்பது துணிக்கைகளுக்கு (துகள்களுக்கு) உள்ள பண்பு. வயரைச் செருகுகிற வேலைக்கும் அதையே வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். மின்னூட்டல் என்று வைத்தால் என்ன?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்தப் பண்புக்கு மின்னூட்டம் என்றல்லவா பெயர், அம்மா! உங்களுக்குக் குழப்பம் ஏற்றத்தில், எங்களுக்கு ஊட்டத்தில்.

தமிழாசிரியர், திருச்சி:

ஊட்டு என்பது உண் என்பதன் பிறவினை. உண்பவர் இருந்தால்தான் ஊட்ட முடியும். ஏற்று என்பதோ சுமையை மேலே வைப்பது, விளக்கேற்றுவதும் அதுவே. மின்கலம் உண்கிறதா, சுமக்கிறதா? உண்டது செரித்து உருமாறும். சுமந்ததை அப்படியே இறக்கிவைக்கலாம். கொடுத்ததைப் பெரும்பாலும் திருப்பித் தருவதால் சுமக்கிறது என்பேன். இந்த அளவில் ஏற்றம் என் காதுக்குச் சரி.

ஓட்டுநர் பயிற்றுநர், மதுரை:

நான் வகுப்பில் 'சார்ஜ் போடு' என்றுதான் சொல்கிறேன், இருபது பேருக்கும் புரிகிறது. எச்சரிக்கைப் பக்கத்தில் புதுச்சொல் வைக்காதீர்கள். 'சார்ஜ் ஏறும்போது வண்டியை நகர்த்தாதே' என்பதைப் படித்தவுடனே கை நிற்க வேண்டும். மற்றபடி, போக்குவரத்துக் கழகத்தில் ஒரு தடவை போவதை நடை என்கிறோம், பேச்சில் சிங்கிள். இரண்டு நடைக்கு இடையில் ஏற்றுவதால் 'நடையிடை ஏற்றம்' என்று வைத்துப் பாருங்கள்.

பொறியாளர்:

இது நன்றாக இருக்கிறது. எப்போது ஏற்றுவது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

நடை என்றால் இங்கே யாரும் பேருந்தை நினைக்கமாட்டார்கள். தமிழ்நாட்டுக் கையேடு என்பதால் மறுக்கவில்லை. பொது அகராதிக்குப் போகும்போது மறுபடி பேசுவோம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

சரி, மணி பதினொன்று. நடையிடை மின்னேற்றம் என்று வைக்கிறேன், முதல் இடத்தில் சார்ஜ் என்ற சொல்லும் பக்கத்தில் இருக்கும். எச்சரிக்கைகளில் சார்ஜ் மட்டும். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர், திருச்சி:

அச்சுக்குப் போகட்டும். பொறியாளர் சொன்னதை இன்று காலை மறுபடி படித்தேன், அவர் பொருள் கொண்டதே சரி. அப்படியென்றால் 2025 ஜூன் 30இல் சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து கிளம்பிய 120 மின்பேருந்துகள் போல, ராத்திரியே ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்படும் பேருந்துக்கு ஆற்றுணா அப்படியே பொருந்துகிறதே? பணிமனை ஏற்றத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. அதை எனக்கு விட்டுக்கொடுங்கள்.