இணையச் சந்தையில் வாங்கிய ஜெல் பாலிஷ்: மீதமிருப்பதைப் பயன்படுத்தலாமா?

கேள்வி: கோவை நகக்கலை

வணக்கம். கோவையில் வீட்டின் முன்னறையிலேயே இரண்டு ஆண்டுகளாக நக அலங்காரம் செய்து வருகிறேன். பேஸ் கோட் (அடிப்பூச்சு), நகத்துக்குத் தடிமன் தரும் பில்டர் ஜெல், வண்ண ஜெல் எல்லாவற்றையும் சென்னையிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமே வாங்குவது வழக்கம். ஆவணி முகூர்த்தங்களுக்கு மணப்பெண்கள் வரிசையாக முன்பதிவு செய்திருந்த நேரத்தில் அவரிடம் சரக்கு தீர்ந்துபோனதால், ஓர் இணையச் சந்தையில் தேடினேன். அதே பெயர், அதே படம், அதே 15 மி.லி. புட்டி, விநியோகஸ்தரிடம் 1,150 ரூபாய்க்கு வாங்கியது அங்கே 520 ரூபாய்தான். நான்கு வண்ணங்களும் ஒரு பேஸ் கோட்டும் வாங்கினேன்.

வந்தவுடன் சில வேறுபாடுகள் கண்ணில் பட்டன. மூடியின் மேலிருந்த எழுத்து சற்றுத் தடித்திருந்தது. இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உள்ள சீட்டு ஒட்டப்படவில்லை. பேஸ் கோட் வழக்கத்தைவிட நீர்த்து, நகத்தின் ஓரத்துத் தோலுக்கு ஓடியது. ஐந்து புட்டிகளிலும் ஒரே பேட்ச் எண், அதாவது தயாரிப்புத் தொகுதி எண், அச்சாகியிருந்தது. வேலை நெருக்கடியில் இவை எதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு இரண்டு வாடிக்கையாளர்கள் நகத்தைச் சுற்றி அரிப்பும் நீர்க்கொப்புளங்களும் இருப்பதாகப் படம் அனுப்பினார்கள். என் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளிலும் தோல் வெடித்து உரிகிறது. விற்பனையாளரோ திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றும், குறை ஜெல்லைக் கெட்டிப்படுத்தும் என் விளக்கில்தான் இருக்க வேண்டும் என்றும் பதில் எழுதினார். இவை போலிதானா? மீதமிருப்பதை என்ன செய்வது? விளக்கில் குறை என்று அவர் சொல்வதில் உண்மை ஏதும் உண்டா?

பதில் 1: நகப் பயிற்றுநர், சென்னை

சகோதரி, போலியா இல்லையா என்பதை ஆராய்வதற்கு முன்னால், அந்த ஐந்து புட்டிகளையும் மேசையிலிருந்து எடுத்துத் தனியே ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். அந்த இருவரின் நகங்களில் இன்னும் ஜெல் இருந்தால் அதை அகற்ற வேண்டும். ஆனால் அசிட்டோனில் நெடுநேரம் ஊறவைத்தால் ஏற்கெனவே புண்பட்ட தோல் மேலும் எரியும். அதனால் பெரும்பகுதியை மெதுவாக அராவி எடுத்துவிட்டு, எஞ்சியதை மட்டும் சுற்றுத்தோலில் வாஸ்லின் தடவிக்கொண்டு கரைத்தெடுங்கள். அராவும் தூசியிலும் சரியாகக் கெட்டிப்படாத ரசாயனம் இருக்கக்கூடும் என்பதால், முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். மெல்லிய கையுறையையும் இந்த ரசாயனங்கள் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். ஜெல் பட்டவுடன் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை அணிய வேண்டும்.

பிறகு மூவரும் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். சாதாரண எரிச்சலையும் ஒவ்வாமையையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். ஜெல்லில் உள்ள மெத்தக்ரிலேட் வகை ரசாயனங்களுள் ஹெமா எனப்படுவது மிகப் பரவலானது. அதை இரண்டு சதவீத அளவில் வாஸ்லினில் கலந்து முதுகில் ஒட்டிப் பார்க்கும் ‘பேட்ச் டெஸ்ட்’ என்ற ஒவ்வாமைச் சோதனை மூலம்தான் உறுதியாகத் தெரியும். இந்த ஒவ்வாமை பட்டவுடனே வெளிப்படாது. ஓரிரு நாட்கள் கழித்தே தோலில் தெரியும் என்பதால், எந்தப் பொருளால் வந்தது என்று பலருக்குப் பிடிபடுவதே இல்லை.

புட்டியிலுள்ள பேட்ச் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வண்ணத்தில் ஆறு புட்டிகள் வாங்கி, ஆறிலும் ஒரே எண் இருந்தால் அதில் வியப்பில்லை. அவை ஒரே கலவையிலிருந்து நிரப்பப்பட்டிருக்கும். நான்கு வெவ்வேறு வண்ணங்களுக்கும், போதாக்குறைக்குப் பேஸ் கோட்டுக்கும் ஒரே எண் இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாகக் கலக்கப்படுவது. எண்ணும் தனித்தனியாகத்தான் இருக்கும்.

பொய்நகம் செய்யும் அக்ரிலிக் லிக்விடையும் அந்த இணையச் சந்தையில் வாங்கும் எண்ணம் இருந்தால், அதைக் கைவிடுங்கள். தரமான லிக்விடில் எத்தில் மெத்தக்ரிலேட் இருக்கும். மலிவான சரக்கில் அதற்குப் பதிலாக மெத்தில் மெத்தக்ரிலேட், அதாவது எம்.எம்.ஏ., ஊற்றிவிடுகிறார்கள். நகம் பெயர்ந்து சிதைந்ததாகவும் விரல்களில் தோல் அழற்சி வந்ததாகவும் வந்த புகார்களை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1970களிலேயே நீதிமன்றம் சென்று, முழுக்க எம்.எம்.ஏ. கொண்ட நகப் பொருட்களைச் சந்தையிலிருந்து அகற்றியது. மூக்கைத் துளைக்கும் நெடி, அராவும்போது கல்போன்ற கடினம், அசிட்டோனில் எத்தனை நேரம் வைத்தாலும் எளிதில் இளகாமை ஆகியவை அதன் அடையாளங்கள். பொய்நகம் அவ்வளவு உறுதியாக இருப்பதால், எங்காவது இடித்துக்கொள்ளும்போது அது உடைவதற்குப் பதிலாக இயற்கை நகமே படுக்கையிலிருந்து பெயர்ந்துவிடும்.

பதில் 2: அச்சகத்தார், சிவகாசி

நக அலங்காரம் எனக்குத் தெரியாது; என் மகள் இந்தத் திரியைக் காட்டினாள். ஆனால் அட்டைப்பெட்டிகளுக்கும் நாட்காட்டி அட்டைகளுக்கும் யு.வி. (புற ஊதா) ஒளியில் கெட்டிப்படும் வார்னிஷ் பூசும் வேலையில் இருபது ஆண்டுகள் கழித்திருக்கிறேன். ஜெல் பாலிஷும் யு.வி. வார்னிஷும் வேதியியலில் பங்காளிகள். இரண்டிலும் அக்ரிலேட் வகைத் திரவம் உண்டு. ஒளி பட்டதும் அதைக் கோத்துக் கெட்டிப்படுத்தும் தூண்டி ஒன்றும் உண்டு.

விளக்கைப் பற்றி விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் அவருக்கே எதிரானது. ஒவ்வொரு தூண்டியும் குறிப்பிட்ட அலைநீளத்தில்தான் நன்றாக வேலை செய்யும். நக விளக்குகளில் பெரும்பாலும் 365 அல்லது 405 நானோமீட்டர் ஒளி வருகிறது; உற்பத்தியாளர் தம் ஜெல்லுக்கு ஏற்ற விளக்கையும் நேரத்தையும் சோதித்துப் பார்த்தே புட்டியில் குறிப்பிடுகிறார். அதே விளக்கில் விநியோகஸ்தரின் சரக்கு இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகக் கெட்டிப்பட்டிருக்கிறது, புதிய சரக்கில் மட்டும் சிக்கல் என்றால், மாறியிருப்பது புட்டிக்குள் இருக்கும் திரவம். என்ன தூண்டி, எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது போலிச் சரக்கில் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேற்பரப்பு கெட்டியாகிவிட்டது என்பதை வைத்து உள்ளே முழுவதும் கெட்டியாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அடர்ந்த நிறமி ஒளியை மேலேயே தடுத்துவிடும். அடியில், நகத்தை ஒட்டிய பகுதியில், கோக்கப்படாத மூலக்கூறுகள் தங்கிவிடும். அவைதாம் தோலுக்குப் பகை. முழுதும் கோக்கப்பட்ட பிறகு அதே பொருள் சாதுவாகிவிடும். ஹெமாவைக் கோத்துச் செய்த பொருளைத்தான் காண்டாக்ட் லென்ஸாகக் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். விளக்கின் மேல் எழுதியிருக்கும் 48 வாட், 120 வாட் என்ற எண்களையும் நம்பாதீர்கள். அவை எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி நகத்தை அடைகிறது என்பதைச் சொல்வதில்லை.

எங்கள் தொழிலுக்கு நன்கு பழக்கமான டி.பி.ஓ. என்ற தூண்டி ஜெல் பாலிஷிலும் பயன்பட்டு வந்தது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் அதைத் தடை செய்திருக்கிறது. அங்கே விற்க முடியாத சரக்கு அடிமாட்டு விலைக்கு வேறு நாடுகளின் இணையச் சந்தைகளுக்கு வந்து சேரலாம் என்பது என் சந்தேகம். வியாபாரிகளை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பதில் 3: மதுரை அழகு நிலையம்

இணையச் சந்தை என்றாலே நஞ்சு என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். நக அச்சுத்தாள், டிப்ஸ், அராவுந்தாள், தூரிகை, கல் ஒட்டும் அலங்காரப் பொருட்கள் ஆகியவற்றை நான் அங்கேதான் வாங்குகிறேன். தரம் குறைந்தால் பணம்தான் நட்டம். தோலில் படும் திரவம் எதையும் வாங்குவதில்லை. நகத்தைச் சுழன்று அராவும் ஈ-ஃபைல் இயந்திரத்தின் முனைகளையும் வாங்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: மையம் பிசகிய முனை வேகத்தில் ஆடும், நகத்தில் பள்ளம் விழும். ஒருமுறை ஐந்து முனைகள் கொண்ட பெட்டி வாங்கி, ஐந்தையும் குப்பையில் போட்டேன்.

பதில் 4: லா ஷப்பல், பாரிஸ்

அன்புத் தங்கைக்கு, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாரிசில் எட்டு ஆண்டுகள் நக நிலையத்தில் வேலை பார்த்தவள். நீங்கள் விரல் நுனியைப் பற்றி எழுதியதை வாசித்தபோது என் கதையின் முதல் அத்தியாயத்தையே வாசித்தது போலிருந்தது. நானும் ‘அசிட்டோனால் வந்த வறட்சி’ என்று கிறீம் பூசிக்கொண்டு ஓராண்டு கடத்தினேன். பின்னர் கண் இமைகள் வீங்கத் தொடங்கின. கையில் பட்ட தூசியை நான் அறியாமலே முகத்துக்குக் கொண்டு போயிருக்கிறேன். தோல் வைத்தியர் சோதித்துவிட்டு, இந்த ஒவ்வாமை இனி ஆயுள் முழுவதும் இருக்கும் என்றார். அந்தக் கிழமையே வேலையை விட்டேன்.

வேலை போனது மட்டுமல்ல. பல் அடைப்புக்குப் பாவிக்கும் வெண்ணிறக் கலவையிலும், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் எலும்பை ஒட்டும் சீமெந்திலும் இதே குடும்பத்து இரசாயனங்கள் உண்டு. பல் வைத்தியரிடம் போகும்போதெல்லாம் முதலில் இந்த ஒவ்வாமையைச் சொல்லி, எழுத்திலும் கொடுக்கிறேன். இலட்சத்தில் ஒருவருக்கு வருவது என்று இதை நினைக்க வேண்டாம். பிரித்தானியத் தோல் வைத்தியர் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமைச் சோதனைக்கு வந்தவர்களுள் 2.4 சதவீதமானோருக்கு மெத்தக்ரிலேட் வகை ஒன்றேனும் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே 2021 முதல் ஹெமா உள்ள நகப் பொருட்களின் போத்தலில் ‘தொழில்முறைப் பாவனைக்கு மட்டும்’ என்றும் ‘ஒவ்வாமையை ஏற்படுத்தலாம்’ என்றும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் இணையத்தில், நான் தொழில் செய்பவள் என்று ஒரு கட்டத்தில் குறியிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் வாங்கிவிடலாம். ‘ஹெமா இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். அதே குடும்பத்தின் வேறு இரசாயனம் உள்ளே இருக்கும். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்த உடம்பு பெரும்பாலும் மற்றதையும் ஏற்காது.

பதில் 5: நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவர், திருச்சி

ஏழு நாள் கெடு என்பது அந்தச் சந்தை வகுத்துக்கொண்ட விதி. அது சட்டம் உங்களுக்குத் தந்த உரிமையைப் பறிக்காது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020இன்படி, ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலரை நியமித்திருக்க வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரின் பெயரையும் முகவரியையும் தருமாறு அந்த அலுவலரிடமே எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

இந்தியாவில் இறக்குமதி செய்து விற்கப்படும் அழகுப் பொருளுக்கு அழகுப் பொருட்கள் விதிகள் 2020இன் கீழ் பதிவுச் சான்றிதழ் தேவை. அதன் எண்ணும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் ஒட்டிய சீட்டில் இருக்க வேண்டும். உங்கள் புட்டிகளில் அந்தச் சீட்டே இல்லை என்பது, உள்ளே இருப்பது அசலா போலியா என்ற விவாதத்துக்கே இடமில்லாமல், தனியே ஒரு மீறல். ஒரு புட்டியையாவது திறக்காமல் வைத்திருக்கிறீர்களா? மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதனைக்குக் கொடுக்க இடமளிக்கிறது. பலருக்கு இது தெரியாது. கூரியர் உறையையும், விற்பனைப் பக்கத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பக்கம் நாளையே மறைந்துபோகலாம்.

கோவை நகக்கலை

அனைவருக்கும் நன்றி. நான்கு புட்டிகள் திறந்தவை. அடர்சிவப்பு மட்டும் முத்திரை உடையாமல் இருக்கிறது. அதை உறையோடு கட்டி வைத்துவிட்டேன். விற்பனைப் பக்கத்தைப் படமெடுக்கப் போனபோது அதே படத்தின் கீழ் வேறொரு விற்பனையாளரின் பெயர் இருந்தது. நல்லவேளையாக என் ஆர்டர் ரசீதில் பழைய பெயர் இருக்கிறது. குறைதீர்ப்பு அலுவலருக்கு இன்று காலை எழுதினேன்.

இரண்டு வாடிக்கையாளர்களிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒருவர் கோபப்பட்டார்; அது நியாயம்தான். அவர்களுடைய மருத்துவச் செலவை நான் ஏற்கிறேன். பாரிஸ் அக்கா, எனக்கும் அடுத்த வாரம் பேட்ச் டெஸ்ட் வைத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை முன்பதிவுகளை எல்லாம் நிறுத்தி, மருதாணிக்கு மட்டும் வருவதாக மணப்பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்.