டிஷியனின் ‘ஃப்ளோரா’: மணப்பெண்ணா, கணிகையா?

செங்கழுநீர்:
ஃப்ளாரன்ஸ் நகரத்து உஃபிட்சி அருங்காட்சியகத்தில் உள்ள, வெனிஸ் ஓவியர் டிஷியனின் ‘ஃப்ளோரா’வை, “வெனிஸ் கணிகை ஒருத்தியின் உருவப்படம்” என்று நண்பர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1515ஐ ஒட்டித் தீட்டப்பட்டதாகக் கருதப்படும் இப்படத்தில் இருப்பவள் மணப்பெண் என்றே நான் எண்ணுகிறேன். வெனிஸைப் பற்றி 1581இல் நூல் எழுதிய பிரான்செஸ்கோ சான்சோவினோ, அந்நகரத்து மணப்பெண்கள் பழைய வழக்கப்படி வெண்ணிற ஆடை உடுத்தி, பொன்னிழை சேர்த்த கூந்தலைத் தோள்களில் விரித்துவிட்டிருப்பார்கள் என்று குறித்திருக்கிறார். படத்திலும் வெண்ணிற ஆடைதான், தோளில் வழியும் செம்பொன் கூந்தல்தான். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையிலும், மேற்குக் காற்றின் தேவன் குளோரிஸ் என்னும் வனதேவதையை வலிந்து கவர்ந்து, பின்னர் மணந்து, பூக்களுக்கெல்லாம் அவளைத் தலைவியாக்குகிறான்; ஃப்ளோரா என்ற பெயர் அதன் பிறகு வந்தது. அவளுடைய தோட்டமே சீதன நிலத்தில் இருப்பதாக ஓவிட் பாடுகிறார். அப்படியானால் படத்தில் அவள் கையில் உள்ள பூக்கள் எங்கிருந்து வந்தவை?

கோட்டோவியன்:
அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். சுருக்கமாக எழுதியது என் பிழை. ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை. நீங்கள் வெண்ணிற ஆடை என்று சொல்வது உள்சட்டை. சுருக்கங்கள் நெகிழ்ந்து, ஒரு பக்கம் தோளைவிட்டு மார்பு வரை சரிந்திருக்கிறது. சான்சோவினோ கண்ட மணப்பெண் ஊரார் முன்னிலையில் உள்சட்டையோடு நின்றிருக்க மாட்டாள். மேலும், ஃப்ளோராவுக்கு ஓவிட் சொல்வது மட்டுமே கதை அன்று. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ, பழைய கிறித்தவ ஆசிரியர்களைப் பின்பற்றி, அவள் உடலை விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்து அதை ரோமுக்கு விட்டுச்சென்றவள் என்று எழுதினார். படித்த வெனிஸ்காரர் எவருக்கும் இவ்விரண்டு கதைகளும் தெரிந்திருக்கும்.

மாடத்து விளக்கு:
இருவரும் ‘உருவப்படம்’ என்று ஏற்றுக்கொண்டே வாதிடுகிறீர்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘கண்ணாடியுடன் பெண்’, ரோமின் டோரியா பாம்ஃபிலி தொகுப்பில் உள்ள ‘சலோமி’ ஆகிய டிஷியனின் படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ இதே முகம். பெயருள்ள ஒருத்தியை வரைந்திருந்தால் அவளே விவிலியக் கதையின் சலோமியாகவும் ஆவாளா? இது ஓர் அழகின் வகை, அவ்வளவே.

செங்கழுநீர்:
முகம் பொதுவானது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதே சாயல், டிஷியனின் ‘புனிதக் காதலும் உலகியல் காதலும்’ என்று இன்று அழைக்கப்படும் படத்திலும் இருக்கிறது. அது 1514இல் நிக்கோலோ அவுரேலியோவுக்கும் லாவ்ரா பகரோட்டோவுக்கும் நடந்த திருமணத்தை ஒட்டிய படம். உள்சட்டையைப் பற்றிக் கோட்டோவியன் சொன்னது வலுவான வாதம்தான். ஆயினும் இடக்கையைக் கவனியுங்கள்: சரியும் இளஞ்சிவப்பு மேலாடையை அது மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. வலக்கை பூக்களை நீட்டுகிறது. கண்களோ நம்மைப் பார்க்கவில்லை, சட்டத்துக்கு வெளியே வேறு யாரையோ பார்க்கின்றன. பூக்கள் அந்த ஒருவனுக்கு. விலை பேசுபவள் நம்மையல்லவா பார்ப்பாள்? 1641இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் மனைவி சாஸ்கியாவை, ஒரு கை மார்பிலும் மறு கை பூவை நீட்டியபடியும் வரைந்தபோது, அந்நாளில் ஆம்ஸ்டர்டாமில் தாம் கண்ட இந்த ஃப்ளோராவை மனத்தில் வைத்திருந்தார் என்பது கலை வரலாற்றாளர் பலர் கருத்து. அவர் கண்ணுக்கு இவள் மனைவியாகத்தான் தெரிந்திருக்கிறாள்.

கோட்டோவியன்:
பார்வையைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு என்னிடம் உடனடி மறுமொழி இல்லை. அந்தச் சாய்ந்த கழுத்தை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் ரெம்பிராண்டைச் சாட்சிக்கு அழைத்திருக்க வேண்டாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், 1654ஐ ஒட்டி அவர் வரைந்த ஃப்ளோரா ஒன்று இருக்கிறது. அதுவும் டிஷியனை அடியொற்றியதே. அதற்கு மாதிரியாக இருந்தவர் என்று பலரும் கருதும், அவருடன் வாழ்ந்த ஹென்ட்ரிக்யேவை அவர் மணந்துகொள்ளவே இல்லை. ரெம்பிராண்டுடன் வேசித்தனமாக வாழ்கிறார் என்று அதே 1654இல் ஆம்ஸ்டர்டாம் திருச்சபை அந்தப் பெண்ணை அழைத்துக் கண்டித்தது.