செங்குத்தான ஆற்றில் இறங்குமுன் நம் திறனை அளந்த தருணங்கள் – அனுபவப் பகிர்வு

ராயபுரம் துடுப்பு:

கேரளத்தின் கோழிக்கோட்டுப் பக்கம், புலிக்கயத்தில் சாலிப்புழை ஆற்றின் கரையில் நடந்த ஒரு சிறு உரையாடல் இன்னும் என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஆற்றை இங்குள்ள பெரும்பாலோர் அறிவீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களோடு காசிமேட்டுத் தம்பி ஒருவன் வந்திருந்தான். கடலோடிக் குடும்பம், அலையில் படகு புரண்டாலும் பதறாதவன். எண்ணூர் முகத்துவாரத்தில் அவன் கயாக்கை (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கவிழ்த்து, இடம் வலம் இரண்டு பக்கமும் ரோல் போட்டு, அதாவது படகைவிட்டு வெளியேறாமலே புரட்டி நிமிர்த்தி எழுவதை நின்று பார்த்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். ஜூலை மாதம், இரவு முழுதும் கொட்டிய மழையில் ஆறு ஏறியிருந்தது. ஆற்றோட்டத்தின் கடினத்தைக் குறிக்கும் எண்களில் முந்தைய நாள் 3-ஆம் நிலை என்று நாங்கள் ஓட்டிய பகுதியை அன்று காலை எல்லோரும் 4 என்றே சொன்னார்கள்.

உள்ளூர் சேட்டன் ஒருவர், பல மழைக்காலங்களை அந்த ஆற்றிலேயே கழித்தவர், தம்பியிடம் எத்தனை ஆறு ஓட்டியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. ரோல் வருமா என்றும் கேட்கவில்லை. முதல் இறக்கத்துக்கு மேலே இருந்த பாறைக்கு அழைத்துச் சென்று, "இங்கே இறங்கினால் அடுத்து எங்கே நிற்பாய்? கையால் காட்டு" என்றார். தம்பி தூரத்தில், வளைவருகே நீர் தணிந்திருந்த கயத்தைக் காட்டினான். "அதற்கு முன்னால்?" என்றார். தம்பி மறுபடியும் அதே கயத்தைக் காட்டினான். இடையில் மூன்று இறக்கங்கள் இருந்தன. இரண்டாவதன் இடப்பக்கம், ஆள் உயரப் பாறைக்குப் பின்னால், ஒரு கயாக் மட்டும் நுழையக்கூடிய எடி (பாறை மறைவில் ஓட்டம் தணிந்து, படகு நிற்கக்கூடிய இடம்) ஒன்று இருந்தது. அதற்குள் நுரை ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. சேட்டன் வேறொன்றும் பேசாமல் தம்பியின் கையிலிருந்த துடுப்பை மெல்ல வாங்கிக்கொண்டு, தன் இடுப்பிலிருந்த த்ரோ பேக்கை (நீரில் விழுந்தவருக்கு வீசும் கயிற்றுப் பை) அவிழ்த்து அதே கையில் வைத்தார். "நீ கீழே நின்று எங்களுக்குக் கயிறு போடு" என்றார்.

தம்பி அன்று கயிற்றோடு நின்றான். ஊர் திரும்பும் ரயிலில் சென்ட்ரல் வரும்வரை அவன் வாயே திறக்கவில்லை. ஒரே கேள்வியை வைத்து ஒருவருடைய திறனை முடிவுசெய்வது முறையா? இப்படி யாரேனும் உங்களை அளந்ததுண்டா?

எர்ணாவூர்க் கரை:

முறையன்று என்பதே என் கருத்து, அண்ணா. குடகில் பாரபோல் ஆற்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் குப்பத்து நண்பர் ஒருவர் நீர் மடங்கித் திரும்பி உருளும் ஒரு சுருட்டலில் சிக்கித் தலைகீழானார். கரையில் நின்ற எனக்குப் படகின் அடிப்பக்கம் மட்டுமே தெரிந்தது. பக்கவாட்டில் அவருடைய துடுப்பு அசையாமல் ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் அவரைக் குலுக்கி முடித்து விடும்வரை உடலைப் படகோடு ஒடுக்கிக் காத்திருந்து, ஓட்டம் நேரானதும் ஒரே வீச்சில் எழுந்தார். அதே இடத்தில் கவிழ்ந்த இன்னொருவர், முறையாகப் பயிற்சி வகுப்பெல்லாம் முடித்தவர், நீர் தலைக்கு மேல் போன உடனேயே படகின் வாயை மூடும் ஸ்கர்ட்டை இழுத்துவிட்டு வெளியேறினார், துடுப்பும் போயிற்று. நீருக்கடியில் மனம் நிலைகொள்வதை எந்த வகுப்பும் விரைவில் கற்றுத் தருவதில்லை; கடலோரப் பிள்ளைகளுக்கு அது சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. அதைக் கணக்கிலேயே எடுக்காமல் ஒருவன் கையிலிருந்து துடுப்பை வாங்குவது அவனை அவமதிப்பதாகும்.

வல்லூர் அணைக்கட்டு:

எர்ணாவூர் நண்பரின் உணர்வு புரிகிறது. ஆனால் கடல் வேறு, ஆறு வேறு. கடலில் அலைதான் நகர்ந்து வருகிறது, அது கடந்து போனதும் நீர் நம்மை விட்டுவிடுகிறது. ஆற்றிலோ அலை ஒரே இடத்தில் நிற்க, நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே பொறுமை காத்தால் ஓய்வு வரும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

இதை நான் கொசஸ்தலையாற்றிலேயே கண்டேன். பூண்டியிலிருந்து உபரி நீர் திறந்துவிட்டிருந்த ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலம். வல்லூர் அணைக்கட்டின் மேல் நீர் கண்ணாடிபோல் வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வீழ்ச்சி சிறியதுதானே, கயாக்கில் தாண்டிவிடலாம் என்று எங்களோடு வந்த இளைஞர் ஒருவர் படகை இறக்கத் தயாரானார். கரையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர், கீழே உருண்டுகொண்டிருந்த வாழை மரத்தைக் காட்டி, "அது வெளியே வரட்டும் தம்பி, அப்புறம் நீ போ" என்றார். நாங்கள் நின்று பார்த்தோம். மரம் மூழ்கும், சற்றுத் தள்ளி எழும்பும், தப்பிவிட்டது என்று நினைக்கும்போதே மேல்நீர் அதைப் பின்னோக்கி இழுத்துச் சுவரின் அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மட்டைகள் ஒவ்வொன்றாக உரிந்து, வெள்ளைத் தண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இருட்டும் நேரத்தில் நாங்கள் கிளம்பும்போதும் அது அங்கேயேதான் இருந்தது.

இயற்கைப் பாறைகளுக்கு இடையே உண்டாகும் சுருட்டலில் ஏதேனும் ஓர் ஓரத்தில் இடைவெளி இருக்க வாய்ப்புண்டு. கரைக்குக் கரை ஒரே மட்டமாகக் கட்டிய சுவரின் கீழே அதுவும் இல்லை. அங்கே எவ்வளவு நேரம் மூச்சடக்கினால் போதும்? அந்தப் பெரியவருக்கு நிலை எண்களோ கயாக்கோ தெரியாது. ஆனால் உள்ளே போன பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கத் தெரிந்திருந்தது. சேட்டன் கேட்டதும் அதே கேள்விதான்.

தண்டையார்பேட்டை ரயிலடி:

கர்நாடகத்தின் கணேஷ்குடியில் காளி ஆற்றை அதிகாலையில் பார்த்தேன். பாறைகள் எல்லாம் முதுகு காட்டிக் கிடந்தன, குழந்தைகளையும் அழைத்துப் போகலாம் போலிருந்தது. சூப்பா அணையிலிருந்து மின் உற்பத்திக்கான நீர் வந்து சேர்ந்த பிறகு அதே இடத்தில் நின்று பார்த்தால், காலையில் நான் அமர்ந்திருந்த பாறையைக் காணவில்லை. என் அனுபவம் அவ்வளவே. ஆனால் புதியவர்கள் படிக்கிறார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

நிலை எண்கள் 1 முதல் 6 வரை இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அந்த நிலையை முடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், எப்படி முடித்தார் என்று கேளுங்கள். கவிழாமல் கீழே வந்து சேர்ந்தது வேறு, நினைத்த இடத்தில் திரும்பி, நினைத்த எடியில் நின்று, ஓட்டத்தைக் குறுக்கே கடந்து மறுகரை சேர்ந்தது வேறு. முதலாவதை ஆறு செய்துகொடுத்துவிடும். அதுபோல, நீச்சல் குளத்திலோ எண்ணூர்க் கழியிலோ போடும் ரோலை வைத்து மனக்கணக்குப் போடாதீர்கள். எதிர்பாராமல், சோர்ந்த நிலையில், பாறை தலையில் உரசும் ஆழத்தில் கவிழ்ந்தபோது எழுந்திருக்கிறீர்களா என்பதே கேள்வி. ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. குளத்தில் பழகிய கைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

சரிவைப் பற்றியும் ஒரு சொல். கிலோமீட்டருக்கு 20 மீட்டர் இறக்கம் என்று யாரேனும் சொன்னால் அது சராசரிதான். அந்த 20 மீட்டரும் ஒரே அருவியாக விழுந்து, மீதித் தொலைவு தூங்கும் நீராக இருக்கலாம். அருவியைத் தூக்கிச் சுமந்து தாண்டிவிடலாம். அதே 20 மீட்டர் இடைவிடாமல் படிப்படியாக இறங்கினால், முதல் படியில் கவிழ்ந்தவர் மூச்சு வாங்குமுன் மூன்றாவது படியில் இருப்பார். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தாலோ, ஆறு சாலை எட்டாத காட்டுக்குள் ஓடினாலோ ஒரு நிலையைக் கூட்டியே மதிப்பிட வேண்டும். விழுந்த மரக்கிளைகளுக்கு நடுவே நீர் வடிந்து போகும் இடத்தையும், பாறை இடுக்குகளையும் முதலில் தேடுங்கள். நீந்த நேர்ந்தால் ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலவே கூடாது. கால் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டால் நீரே உடலை முன்னோக்கி மடக்கி மூழ்கடித்துவிடும். இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கேட்டு மனம் தயங்கினால் கரையிலேயே இருந்துவிடுங்கள். கரையில் இருப்பவரும் குழுவில் ஒருவர்தான்.

ராயபுரம் துடுப்பு:

எர்ணாவூர்த் தம்பிக்கு: நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அன்று சேட்டன் மூன்றாவது இறக்கத்துக்கு மேலே தானும் கரையேறினார். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, நேற்றிருந்த வழியைக் காணவில்லை என்று சொல்லித் தன் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழுக்கும் பாசிப்பாறை வழியாகத் தம்பி கயிற்றோடு நின்ற இடத்துக்கே நடந்து வந்தார். தம்பியின் மனவலிமையை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னையும் அதே கேள்வியால்தான் அளந்துகொண்டார். ஆயினும் நீங்கள் சொன்ன அந்த வலி உண்மையானது. இரண்டு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் நினைக்கிறேன்.

எர்ணாவூர்க் கரை:

அவரும் கரையேறினார் என்றால் அவமதிப்பு என்ற சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன். விளக்கியிருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

திருவொற்றியூர் தேரடி:

தண்டையார்பேட்டை அண்ணா எழுதியவை சரி, ஆனால் எண்களை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு அப்படியே தூக்கிச் செல்ல முடியாது என்பதையும் சேர்த்திருக்கலாம். ரிஷிகேஷில் கங்கையின் 3-ஆம் நிலை அகலமானது. அலை பெரிது, கீழே ஆழம் உண்டு, தவறினாலும் திருத்திக்கொள்ள இடம் உண்டு. சாலிப்புழையின் 3-ஆம் நிலை குறுகலானது. அலை சிறிது, ஆனால் ஒரு முழம் தவறினால் பாறை.

கங்கையில் எனக்குப் பயிற்சி தந்த அக்கா, என்னைக் கடினமான ரேபிட்டுக்கு (நீர் பாய்ந்திறங்கும் பகுதி) அழைத்துப் போகவே இல்லை. சிவபுரிக்கு அருகில் மிக எளிய ஒன்றைத் தேர்ந்து, அதில் உள்ள ஒவ்வொரு எடியிலும், இடக்கரை வலக்கரை மாறிமாறி, நுழைந்து நின்று புறப்படச் சொன்னார். நேராக வந்தால் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும் தூரம் அன்று காலைப் பொழுதையே விழுங்கியது. ஒரு சிறிய எடி மட்டும் எனக்கு வசப்படவே இல்லை. படகின் மூக்கு உள்ளே போகும், வால் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டு என்னைச் சுழற்றி வெளியே தள்ளும். அக்கா அந்த எடியைக் காட்டி, "இதே அகலம்தான் அங்கேயும், ஆனால் அங்கே அதற்குக் கீழே சுருட்டல் இருக்கிறது" என்றார். கௌடியாலாவுக்குக் கீழே உள்ள 'தி வால்' ரேபிட்டைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அதுவே பதில். விளக்கம் என்றால் இப்படி, உடம்புக்குப் புரியும்படி இருக்கவேண்டும். காசிமேட்டுத் தம்பிக்குக் கிடைக்காமல் போனதும் இதுதான்.

ராயபுரம் அண்ணா, அந்தத் தம்பிக்கு மனம் இருந்தால் அடுத்த மழைக்காலத்தில் கோடஞ்சேரிக்கு எங்களோடு வரச் சொல்லுங்கள். இருவஞ்சிப்புழையின் கீழ்ப்பகுதியில், நீர் இறங்கியிருக்கும் நாளாகப் பார்த்து, எடிகளை மட்டும் பழகுவதற்கென்றே போகிறோம். எங்கள் குழுவில் ஓர் இடம் இருக்கிறது. அவருடைய உயரத்தையும் எடையையும் சொன்னால் பொருத்தமான கயாக்கைக் கேட்டு வைத்துவிடுவேன்.