ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு அனுப்பிய படிவம் திரும்பி வந்துவிட்டது, இன்னும் நாள் இருக்கிறதா?

பனங்கொட்டை:
வணக்கம். சுவிஸில் எஃப் விசாவில், அதாவது தற்காலிக அனுமதியில் இருக்கிறேன். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள், தஞ்சம் தரவில்லை. மனைவி யாழ்ப்பாணத்தில். குடும்ப இணைவுக்குப் போட்ட விண்ணப்பத்தை நான் கொஞ்சம் சோசியல் காசு, அதாவது அரசின் உதவிப் பணம் எடுப்பதைக் காட்டி மறுத்துவிட்டார்கள், அப்பீலும் தோற்றுவிட்டது, இதற்குமேல் இந்த நாட்டில் முறையிட இடமில்லை என்று தீர்ப்பின் கடைசிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அது என் கைக்கு வந்தது ஏப்ரல் 9. லோயர் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு எழுதினார். இப்போது அந்த நீதிமன்றத்தின் 47ஆம் விதிப்படி படிவம் முழுமையில்லை, மனைவி லோயருக்குக் கொடுத்த அதிகாரப் பகுதியில் மனைவியின் கையொப்பம் இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. அந்த ஒரு தாளை மட்டும் அனுப்பினால் போதுமா? இன்று ஜூலை 20.

கடலோரம்:
பயப்படாதீர்கள் தம்பி, கடைசித் தீர்ப்பு வந்ததிலிருந்து ஆறு மாதம் இருக்கிறது. ஆறுதலாகச் செய்யுங்கள்.

சட்டப்பித்தன்:
கடலோரம் அண்ணா, அது பழைய கணக்கு. 2022 பிப்ரவரி 1 முதல் நாலு மாதம்தான். வார இறுதி, விடுமுறை எதுவும் கழிக்க மாட்டார்கள், கடைசி நாள் ஞாயிறாக இருந்தாலும் அன்றோடு முடிந்தது. தபால் முத்திரையில் உள்ள தேதிதான் கணக்கு, ஃபாக்ஸ் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பனங்கொட்டை, ஒரு தாள் போதாது. குறையோடு போன படிவம் நாள் ஓடுவதை நிறுத்தாது, அதனால் முதலில் அனுப்பிய தேதியும் உதவாது. படிவம், எல்லாத் தீர்ப்புகளின் நகல், அதிகாரப் பகுதி எல்லாம் சேர்த்து முழுக்கட்டாக மறுபடி போக வேண்டும். கையொப்பங்கள் பேனாவால் போட்ட மூலமாகவே இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்து ஒட்டினால் இதே கடிதம் இன்னொரு தடவை வரும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: லோயர் வைத்து வழக்காடியிருந்தால், தீர்ப்பு அவர் கைக்குப் போன நாளிலிருந்துதான் நாள் ஓடும். உங்களிடம் எப்போது வந்தது என்பது பிறகுதான்.

பனங்கொட்டை:
ஐயோ. லோயரிடம் கேட்டேன், அவருக்கு ஏப்ரல் 2 வந்ததாம்.

சட்டப்பித்தன்:
அப்போ ஆகஸ்ட் 2 கடைசி. மனைவி இன்றே கையொப்பமிட்டு கூரியரில் போடட்டும். 29ஆம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் காத்திருக்காமல் உங்கள் பெயரில் மட்டும் அனுப்புங்கள், குடும்ப வாழ்வு உங்கள் உரிமையும்தானே.

படிவத்தில் ஜி என்ற பகுதியையும் பாருங்கள். உள்நாட்டில் எந்தெந்தப் படியெல்லாம் ஏறினீர்கள் என்று அங்கே எழுத வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு, அதாவது குடும்ப வாழ்வு, அப்பீலிலேயே பேசப்பட்டதா? எண்ணைச் சொல்லாவிட்டாலும் விஷயமாகவாவது சொல்லியிருக்க வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்க்கில் புதிதாகக் கிளப்பினால் உள்நாட்டு வழிகளை முழுதாகப் பயன்படுத்தவில்லை என்று தள்ளிவிடுவார்கள்.

வழுதி_பேர்ன்:
2023 ஜூலை 4 வந்த பி.எஃப். மற்றும் பலர் எதிர் சுவிட்சர்லாந்து தீர்ப்பை லோயர் படித்தாரா? உங்களைப் போலவே எஃப் விசா அகதிகள், சோசியலைக் காட்டித்தான் மறுத்தார்கள். நாலு வழக்கில் மூன்றில் மீறல் என்றது நீதிமன்றம். நாலாவதில் தன் காலில் நிற்கப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று ஏற்கவில்லை. அதனால் சம்பளச் சீட்டு, வேலைக்கு எழுதிய கடிதங்கள், மருத்துவச் சான்று இருந்தால் அதுவும், எல்லாவற்றின் நகலையும் வையுங்கள். மூலத்தைக் கொடுக்காதீர்கள், திருப்பித் தர மாட்டார்கள். இதே முறைப்பாட்டை ஐநா குழு ஒன்றுக்கும் சேர்த்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதுவே ஸ்ட்ராஸ்பூர்க்கில் தள்ளக் காரணமாகிவிடும்.

பனங்கொட்டை:
அப்பீலில் குடும்ப வாழ்வு பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். மனைவி கூரியர் போட்டுவிட்டார். தனியாக என் பெயரிலும் ஒரு படிவம் நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டேன்.