ஏரித் தண்ணீரில் இறங்கிக் குளிக்கலாமா: மாணவர் சோதனையில் எங்கே சறுக்குகிறது?

பிசகு பெரும்பாலும் ஆய்வகத்தில் இல்லை, மாதிரி எடுக்கும் கையில்தான். இடுப்பளவுத் தண்ணீருக்கு நடந்து போகும்போதே அடிச்சேறு கலங்கிவிடும். சேற்றில் ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் குடல் பாக்டீரியா) பல நாள் பிழைத்துக் கிடக்கும் என்பதால், அந்தக் கலங்கலை அள்ளினால் எண்ணிக்கை எகிறும். கலங்கல் அடங்கும்வரை அசையாமல் நின்று, கால் படாத முன்பக்கத்தில் எடுக்க வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலை அப்போதுதான் திறக்கலாம். மூடியைக் கீழே வைக்காதீர்கள், உட்புறத்தில் விரலும் படக்கூடாது. வாயைக் கவிழ்த்தபடி 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, அங்கே திருப்பி நிரப்புங்கள். நிமிர்த்தியே இறக்கினால் மேலே மிதக்கும் படலம்தான் முதலில் உள்ளே போகும். குலுக்குவதற்கு இரண்டு விரல் இடம் விடுங்கள். பிறகு நேராக ஐஸ் பெட்டிக்கு. 6 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கிவிட வேண்டும்.

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கிருமி நீக்கிய தண்ணீர் ஒரு பாட்டிலும் ஏரிக்குப் போய்வர வேண்டும். அங்கே திறந்து மூடி, மற்றவற்றோடு சோதியுங்கள். அதில் ஈ.கோலை வந்தால் அன்றைய முடிவு எதையும் நம்ப முடியாது. தண்ணீரை வடிதாளில் வடிகட்டி, அதைத் தட்டில் வைத்து பாக்டீரியாவை வளர்க்கும் வடிதாள் முறை என்றால் 100, 10, 1 மி.லி. என மூன்று அளவில் வடிகட்டுங்கள். ஒரு தட்டில் 20 முதல் 80 காலனி (வளர்ந்து புள்ளியாகத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்) இருந்தால்தான் எண்ணுவதில் அர்த்தம் உண்டு. அதைத் தாண்டினால் காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கணக்கிலும் கவனம் தேவை. ஐந்து மாதிரிகளில் 100 மி.லி.க்கு 40, 60, 50, 80, 900 என வந்தால் சாதாரணச் சராசரி 226. பெருக்குச் சராசரி (ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுப்பது) 97தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012 அளவுகோலில் 100 மி.லி.க்கு 126 என்பது பெருக்குச் சராசரிக்கான வரம்பு, அதில் இந்த ஏரி தேறிவிடும். ஆனால் 410ஐத் தாண்டும் மாதிரிகள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று இன்னொரு வரம்பும் உண்டு. அந்த 900 அங்கே மாட்டும். பெரும்பாலும் அது மழைக்கு மறுநாள் எடுத்ததாக இருக்கும். மழை நாளை ஒதுக்கிவிட்டு எடுப்பது ஏரியைப் பற்றிச் சொல்லும் பொய்.

பச்சையாகப் படர்ந்திருந்தால் குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூல்நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. பெயிண்ட் மாதிரி குச்சியில் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். ஈ.கோலை சோதனை அதன் நஞ்சைக் காட்டாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். அன்று மாணவர்களைத் தண்ணீரில் இறக்காதீர்கள்; கையுறை போட்டு, நீண்ட கழியில் பாட்டிலைக் கட்டிக் கரையிலிருந்தே எடுக்கலாம்.