பொலியூ குடும்பம்: 1835 ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை, உதவி தேவை

மொன்றியல்_மருமகள்:
வணக்கம் உறவுகளே. என் கணவர் கியூபெக் பிரெஞ்சுக்காரர். மாமாவின் ஊர் காமுராஸ்கா பக்கம், பரம்பரையாகக் கமக்காரர்கள். மாமாவுக்கு எண்பது வயதாகிறது. அவர் இருக்கும்போதே வம்சத்தைத் தேடிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். 1881 குடிசன மதிப்பில் அவருடைய பூட்டன் "பொலியூ, கமக்காரர், வயது 46" என்று இருக்கிறார். ஆனால் ஊர்க் கோயில் பங்கின் ஞானஸ்நான ஏட்டில் 1835ஐ ஒட்டிய வருடங்களில் பொலியூ என்று ஒரு பிள்ளையும் இல்லை. ஏடு தொலைந்திருக்குமோ?

பழைய_ஏடு:
தங்கச்சி, ஏட்டில் பக்கம் விடுபடவில்லை என்றால் பெயரில்தான் சிக்கல். (ஏடே தொலைந்தாலும் பயமில்லை. 1679 முதல் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள்.)

அந்தப் பக்கத்துப் பொலியூ என்றால் முதலில் "உடோன்" என்று தேடுங்கோ. 17ஆம் நூற்றாண்டில் ரிவியேர்-உவெலில் குடியேறிய பியேர் உடோன் 'டி' பொலியூவின் வழி அது. ('டி' என்றால் "என்று அழைக்கப்பட்ட".) இரண்டு பெயரும் சேர்ந்தே வரும், தனித்தனியாகவும் வரும். ஒரே தகப்பனின் பிள்ளைகளில் ஒருவரை உடோன் என்றும் மற்றவரைப் பொலியூ என்றும் சுவாமியார் எழுதியிருப்பார்.

இன்னொன்று, ஞானஸ்நானத்தை விட்டுக் கலியாணத்தைப் பிடியுங்கோ. கலியாணப் பதிவில் இரு பக்கத்துத் தாய் தகப்பன் பெயரும் இருக்கும், தாய்க்குப் பிறந்த வீட்டுப் பெயரோடு. ஒரு கலியாணம் அதற்கு முந்தின தலைமுறையின் கலியாணத்தைக் காட்டிக் கொடுக்கும். 1881இல் உள்ள கடைசிப் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் தாயின் பெயரை எடுத்துக்கொண்டு தொடங்குங்கோ.

மொன்றியல்_மருமகள்:
நன்றி அண்ணா! தாயின் பெயர் கிடைத்து, 1866இல் கலியாணமும் கிடைத்தது. ஆனால் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெயரே இல்லை. "காலஞ்சென்ற இன்னாரின் கணவர்" என்று முதல் மனைவியின் பெயர் மட்டும் இருக்கிறது.

பழைய_ஏடு:
அது இரண்டாந்தாரம். தாரமிழந்தவர் திரும்பக் கட்டும்போது பெற்றோரை விட்டுவிட்டு இறந்த மனைவியைத்தான் எழுதுவார்கள். முதல் கலியாணத்தைத் தேடுங்கோ. பெரும்பாலும் பெண்ணின் பங்கில்தான் நடந்திருக்கும், அதனால் அயல் பங்குகளையும் பாருங்கோ.

மொன்றியல்_மருமகள்:
கிடைத்துவிட்டது!! 1857, பக்கத்துப் பங்கில். "உடோன் டி பொலியூ" என்று முழுதாக இருக்கிறது, தாய் தகப்பன் பெயரோடு. மாமா அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் "மூன்றாம் படி இரத்த உறவுக்கு விதிவிலக்கு" என்று ஒரு வரி. அது என்ன?

பழைய_ஏடு:
நல்ல வரி கிடைத்திருக்கிறது. மூன்றாம் படி என்றால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பூட்டன் பூட்டி பொது. அந்தக் காலத்தில் அப்படிக் கட்டத் திருச்சபையின் அனுமதி வேண்டியிருந்தது. இரு பக்கமும் மூன்று தலைமுறை மேலே போய்ப் பாருங்கோ. இரண்டும் ஒரே சோடியில் வந்து நின்றால் உங்கள் வம்சக் கொடி சரி. 1800க்கு முந்தியதற்கு மொன்றியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகைத் தரவுத்தளம் இருக்கிறது. 1871 முதல் 1890 வரை ஏழு பாகமாக வந்த தாங்கேயின் வம்ச அகராதியும் உதவும், ஆனால் அதில் பிழைகள் உண்டு. மூல ஏட்டைப் பார்க்காமல் ஒரு பெயரையும் கொடியில் ஏற்றாதீர்கள்.

விதைநெல்:
அக்கா, கமக்காரக் குடும்பம் என்றால், உறுதி எழுதும் நொத்தாரிசுகளின் ஏடுகளையும் விடாதீர்கள். கோயில் ஏட்டில் பெயரும் திகதியும்தான். தாய் தகப்பன் காணியை ஒரு மகனுக்கு நன்கொடை உறுதியாக எழுதும்போது, தாங்கள் சாகும்வரை அவன் வருடாவருடம் தரவேண்டியதையெல்லாம் எழுதி வைப்பார்கள்: இத்தனை மா, இத்தனை பன்றியிறைச்சி, வெட்டிய விறகு, ஒரு கறவைப் பசு, ஞாயிறு பூசைக்குப் போகக் குதிரை வண்டி. காணிக்கு இரு பக்கமும் யார் என்று அயலவர் பெயரும் வரும். கியூபெக் தேசிய நூலக ஆவணக்காப்பகம் பல நொத்தாரிசுகளின் ஏடுகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 1857 கலியாணத்தை ஒட்டிய வருடங்களில் தொடங்குங்கள். அந்தப் பங்கில் அப்போது எழுதிய நொத்தாரிசு யார் என்று பார்த்து, அவருடைய பெயர் அட்டவணையில் உடோன், பொலியூ இரண்டையும் தேடுங்கள்.