டெபியன் 12: சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தான் எங்கே?

தாராவி தட்டச்சுக் கடை:
தொண்ணூறு அடி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் மனு, விண்ணப்பம் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்ததும், தம்பி மகன் அதற்குப் பதிலாக டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அதில் சாளரங்களைக் காட்டுவது க்னோம் என்ற திரைச் சூழலாம். கீழே பட்டை இல்லை. சாளரத்தின் மூலையில் மூடும் குறி மட்டும்தான் இருக்கிறது. நேற்று ஒருவருக்கு ஊர் தாசில்தாருக்குத் தமிழில் ஒரு மனு, இங்கே வார்டு அலுவலகத்துக்கு மராத்தியில் ஒரு கடிதம். இரண்டும் லிப்ரே ஆபிஸில். ஆல்ட்டும் டேப்பும் அழுத்தினால் இரண்டும் ஒரே படமாக நிற்கின்றன. எப்படியோ மனுவுக்குத் திரும்பினால், ‘ஐயா’ என்று அடித்த இடத்தில் மராத்தி எழுத்து விழுகிறது. அவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நின்றவர். எனக்கு மனமே ஆறவில்லை.

செம்பூர்வாசி:
அக்கா, பழுது ஒன்றும் இல்லை. 2011-இல் வந்த க்னோம் 3 முதலே அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். ட்வீக்ஸ் என்ற செயலியைத் திறந்து, சாளரத் தலைப்புப் பகுதியில் ‘மினிமைஸ்’ என்பதை இயக்குங்கள், திரும்ப வந்துவிடும். அதுவரை விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஹெச் அழுத்தினால் சாளரம் மறையும். அந்த விசையை மட்டும் தட்டினால் திறந்திருப்பவை எல்லாம் பரப்பி வைத்ததுபோல் தெரியும். ஒரே செயலியின் சாளரங்களுக்குள் மாற, ஆல்ட்டோடு டேப்புக்கு நேர் மேலே உள்ள விசையை அழுத்துங்கள்.

முலுண்டு மாமா:
எழுத்து மாறியதுதான் பெரிய தொல்லை, அதற்கும் வழி இருக்கிறது அம்மா. அமைப்புகளில் விசைப்பலகைப் பக்கம் போங்கள். ‘ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீடு’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி மனுவில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை, கடிதத்தில் மராத்தி என்று ஒருமுறை வைத்துவிடுங்கள். மூடும்வரை அந்தந்தச் சாளரத்தில் அதுவே இருக்கும். நான் சங்கத்து மலருக்கு இப்படித்தான் மெய்ப்புத் திருத்துகிறேன்.

தாராவி தட்டச்சுக் கடை:
இரண்டு பேருக்கும் நன்றி. காலையில் அவரையே வரச்சொல்லி, இரண்டு சாளரத்தையும் அருகருகே வைத்து அடித்தேன். ஒரு எழுத்துகூட மாறி விழவில்லை. காசு வாங்கவில்லை. பொத்தானும் வந்துவிட்டது, ஆனால் இப்போது ஹெச் விசைக்குத்தான் கை போகிறது.